பழைய டீசல் வாகனத்துக்கு எந்த ஒயில்? கானின் பின்பக்கத்தை வாசியுங்கோ



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய டீசல் கார், வான் வைத்திருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கோ. இல்லாதவர்கள், வைத்திருக்கிற ஆருக்காவது அனுப்பி விடுங்கோ.

போன மாதம் எங்கட பக்கத்தில் ஒரு டவுன்ஏஸ் வான் எஞ்சின் இறுகி நின்று போனது. ஆருடையது என்று இங்கே எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றுகிற வான். நடுச்சாமத்தில் ஆருக்கும் நெஞ்சு நோ, பேற்று நோ என்றால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறதும் அதே வான்தான். சம்பைக் கழற்றிப் பார்த்தபோது நானும் நின்றேன். உள்ளே ஒயில் என்று சொல்ல ஒன்றும் இல்லை, றோட்டுக்குப் போடுகிற தார் மாதிரி ஒரு சேறு. ஒயிலை உறிஞ்சுகிற வலை முழுக்க அடைத்துப் போய்க் கிடந்தது. மேலே ஒயில் போகவில்லை, பெயாரிங் தேய்ந்து கிராங்கைப் பிடித்துவிட்டது. "புகைக்குது எண்டு சொன்னன். கடையில நல்லாத் தடிச்ச ஒயிலா விடச் சொன்னாங்கள், விட்டன். கிலோமீற்றர் ஓடேல்ல எண்டு மாத்தவும் இல்லை" என்றார் அவர்.

அந்த இரண்டு வசனமும் எங்கட ஊரில் பாதிப் பேர் சொல்வதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்னம் என்றால் இது போனால் இன்னொன்று வாங்கலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறபட்டது 2025 பெப்ரவரியில். இடையில் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் போய் வந்தது. இப்போது புதிது வருகிறது என்றாலும் வரியோடு சேர்த்து அதன் விலையைக் கேட்டால், ஆசிரியரும் சரி விவசாயியும் சரி, கேட்டுப்போட்டுத் திரும்பி வருவதுதான். ஆகவே வீட்டில் நிற்கிற முப்பது வயது வாகனம்தான் எங்களுக்கு வாகனம். அதின் எஞ்சினை இறக்கிச் செய்கிற செலவு ஒரு போக நெல்லைத் தின்னும்.

என்னிடம் இருப்பது 90களில் ஜப்பானில் ஓடிய ஒரு கொறோலா வாகன், 2சி எஞ்சின், 1974 சிசி. உம்மா புத்தளத்தில் இருக்கிறா. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவில் இருந்து வெளிக்கிட்டுப் போன குடும்பம், உம்மா இன்னும் அங்கேதான். மாதத்தில் இரண்டு தரம் ஏ9ஆல் வவுனியா, அநுராதபுரம் போய்ப் புத்தளம், ஒரு பக்கம் இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. மதவாச்சி தாண்டி இரவில் எஞ்சின் நின்றால் என்ன பாடு என்று யோசித்துப் பார்த்தால், ஒயில் கானில் இருக்கிற சின்ன எழுத்தை வாசிக்கிற பழக்கம் தானாக வரும்.

கரடிப்போக்குப் பக்கம் எனக்கு ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். அறுபது தாண்டிய மனிசன். தொழில் பழகினது பொருளாதாரத் தடைக் காலத்தில். வன்னிக்குள் பெற்றோல், டீசல், ஒயில், பற்றரி ஒன்றும் ஒழுங்காக வராத காலம். மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். சூப்பிப் போத்தலில் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வித்தை. பெற்றோல் எஞ்சினுக்கு அப்படி ஒரு வழி இருந்தது. ஒயிலுக்கு என்ன வழி? அண்ணை சொல்கிற கதை: கழற்றின ஒயிலைப் பரலில் விட்டு மாதக்கணக்கில் அடைய விடுவார்களாம். பிறகு மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, பழைய சாரத் துணியால் இரண்டு தரம் வடித்து, இன்னொரு வாகனத்துக்கு விடுவார்களாம்.

"அது அந்த நேரத்துக்கு, சேர். ஒண்டுமில்லாத நேரம் கிடைச்சதை விட்டு ஓடினம். ஓடினது எண்டதை மட்டும்தான் சனம் நினைவு வச்சிருக்கு. எத்தினை எஞ்சின் போனது எண்டது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை."

2002இல் ஏ9 திறந்து சாமான் வரத் தொடங்கின பிறகும் "எந்த ஒயில் விட்டாலும் ஓடும்" என்கிற பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை என்று அவர் சொல்வார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. 2022இல் பெற்றோல் ஷெட்டில் நாள்க்கணக்கில் வரிசையில் நின்ற நேரம் அந்தப் பழக்கத்துக்குத் திரும்ப உயிர் வந்தது. ஒயில் விலை ஏறின ஏற்றத்தில் ஆட்கள் லூசில் அளந்து விற்கிற பெயரில்லாத ஒயிலை வாங்கினார்கள். அந்த வருடம் ஓகஸ்ட் வரைக்கும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா, டீசல் 400க்கு மேல். டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலந்து ஓடியவர்களும் இருந்தார்கள். வழுவழுப்புக் குறைந்த மண்ணெண்ணெய் டீசல் பம்பைத் தேய்க்கும். அது வேறு கதை, இன்னொரு நாளைக்கு.

இனி விசயத்துக்கு வருகிறேன். கானின் முன்பக்கத்தில் சிங்கம், ஓட்டப் பந்தயக் கார், தங்க நிறம் எல்லாம் இருக்கும். அதைப் பார்க்க வேண்டாம். பின்பக்கம் திருப்புங்கோ. இரண்டு விசயம் தேட வேண்டும்: ஏபிஐ என்று போட்டு வருகிற எழுத்து, எஸ்ஏஈ என்று போட்டு வருகிற எண்.

எழுத்து முதலில். எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்குச் செய்தது, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்என், எஸ்பி என்று மட்டும் போட்டிருக்கிற கான் எவ்வளவு விலை கூடினது என்றாலும் டீசல் காருக்கு வேண்டாம். சில கானில் சிஐ-4/எஸ்எல் என்று இரண்டும் இருக்கும், அது பரவாயில்லை. சி முன்னுக்கு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கோ.

டீசலுக்கு ஏன் தனி ஒயில்? டீசல் எரியும்போது கரி கூட வரும். அந்தக் கரியை உருண்டு திரளவிடாமல், பொடியாகவே தனக்குள் தாங்கி வைத்திருக்கிற மருந்து ஒயிலுக்குள் சேர்த்திருக்கிறார்கள். புது ஒயில் விட்டு இரண்டு நாளில் கறுப்பாகி விட்டது, கடைக்காரன் ஏமாற்றிப் போட்டான் என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டீசலில் ஒயில் கறுப்பாவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கறுக்காமல் தேன் நிறத்திலேயே நின்றால்தான் கரி எங்கேயோ உள்ளே படிகிறது என்று பயப்பட வேண்டும்.

இன்னொரு விசயம், இது என்னுடைய பாடம், விஞ்ஞானம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமிலம், காரம், நடுநிலையாக்கல் படிப்பிக்கும்போது நான் சொல்கிற உதாரணமும் இதுதான். டீசலுக்குள் கந்தகம் இருக்கிறது. அது எரிந்து ஒட்சைட்டாகி, நீராவியோடு சேர்ந்தால் அமிலம். நீராவி எங்கே இருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கூடப் புகைக் குழாயால் போய்விடும், கொஞ்சம் றிங்குக்குள்ளால் வடிந்து ஒயிலுக்கு வரும். அந்த அமிலம் பெயாரிங்கை அரிக்காமல் இருக்க, ஒயிலுக்குள் காரம் சேர்த்து விடுகிறார்கள். கான் பட்டியலில் ரிபிஎன் என்று ஒரு எண் இருந்தால் அது இந்தக் காரத்தின் அளவு. ஓட ஓட அது கரைந்து கொண்டே போகும்.

இங்கேதான் "புதுசு எண்டா நல்லது" என்கிற கணக்குப் பிழைக்கிறது. சி வரிசையில் எழுத்து முன்னேற முன்னேறப் புதிய தரம். சிஎஃப் 1994இல் வந்தது. எங்கட 2சி மாதிரி, முன்னறைக்குள் டீசல் சீறி எரிகிற பழைய வகை எஞ்சினையும், கந்தகம் கூடின டீசலையும் நினைத்துச் செய்த தரம் அது. 2002இல் சிஐ-4. பிறகு சிஜே-4, 2016 கடைசியில் சிகே-4. கடைசி இரண்டும் புகைக் குழாயில் கரி வடி பூட்டிய புது வாகனங்களை முன்னால் வைத்துச் செய்தவை. அந்த வடி அடைபடாமல் இருக்கச் சாம்பல் தருகிற மருந்துகளுக்கு எல்லை போட்டிருக்கிறார்கள். அமிலத்தை அடக்குகிற காரமும் அந்தச் சாம்பல் கணக்குக்குள்தான் வரும். எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் போகக் கூடாது என்றும் அந்தத் தரங்களில் சொல்லியிருக்கிறது. சிஐ-4 அதைப்போல் பத்து மடங்கு, 5000 பங்கு வரைக்கும் தாங்கும் என்று வகுத்தது. நாங்கள் ஷெட்டில் அடிக்கிற சாதாரண ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலை விடக் கந்தகம் பல மடங்கு. எங்கட கார்களில் கரி வடி என்ற சாமானே இல்லை. அப்படியிருக்க, கூடக் காசு கொடுத்துச் சிகே-4 வாங்கி என்ன காணப் போகிறோம்? சிஐ-4 போட்ட நல்ல ஒயில் போதும். சிஎச்-4 கிடைத்தாலும் ஓடலாம். சிஎஃப் மட்டும் போட்டது என்றால் ஆகப் பழைய தரம், வேறு வழியில்லாவிட்டால் நேரத்தோடு மாற்றி ஓடலாம்.

அடுத்தது எண். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலம். அதற்கு முன்னுக்கு நிற்கிற எண், கடும் குளிரில் ஒயில் எவ்வளவு இறுகும் என்பதைச் சொல்கிறது. கிளிநொச்சியில் மார்கழிப் பனிக்கும் எங்களுக்கு ஒரு போர்வை போதும், ஆகவே 15ஆ 20ஆ என்று அதிகம் தலையை உடைக்கத் தேவையில்லை. பின்னுக்கு நிற்கிற எண்தான் சூடேறின எஞ்சினுக்குள் ஒயிலின் தடிப்பு. 100 பாகைச் சூட்டில் 40 என்கிற ஒயில் 12.5க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் இடையில் நிற்க வேண்டும், 50 என்றால் அதற்கு மேல் 21.9 வரை. ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண வெப்பத்தில் தண்ணீர் 1.

என் காரோடு ஒரு கையேடு வந்தது, முழுக்க ஜப்பான் மொழி. அதில் எனக்கு விளங்கியது எண்கள் மட்டும்தான். வெப்பமானி மாதிரி ஒரு படம் போட்டு, எந்தப் பாகைக்கு எந்த எண் என்று கோடு இழுத்திருந்தார்கள். உங்களிடமும் அப்படி ஒரு புத்தகம் டாஷ் பெட்டிக்குள் கிடந்தால் எறிந்து போடாதேங்கோ. கோட்டின் சூட்டுப் பக்கத்தைப் பாருங்கோ, அதுதான் எங்கட நாடு.

என்னுடைய முடிவு இதுதான். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் 15டபிள்யூ-40. இரண்டு ஒயில் மாற்றத்துக்கு இடையில் லீற்றர் கணக்கில் குறைந்து, நிரப்பி நிரப்பி ஓடுகிற தேய்ந்த எஞ்சின் என்றால் 20டபிள்யூ-50 போடலாம், இந்த வெக்கைக்கு அது பிழையில்லை. அதற்கும் மேலே தடிப்புத் தேடிப் போக வேண்டாம். தடித்த ஒயில் காலையில் மேலே ஏற நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் மேல் பக்கச் சாமான்கள் காய்ந்து தேயும். புகைக்குத் தடித்த ஒயில் மருந்து என்று விற்கிறவர் புகையின் நிறத்தைக் கேட்டாரா என்று யோசியுங்கோ. கறுப்புப் புகை என்றால் காற்று வடி அடைத்திருக்கலாம், டீசல் கூடப் போகலாம், ஒயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீலம் என்றால்தான் ஒயில் எரிகிறது. அது றிங்கோ வால்வு சீலோ தேய்ந்த கேஸ். தடித்த ஒயில் அதைக் கொஞ்ச நாளைக்கு மறைக்கும், மாற்றாது. வெள்ளை நிற்காமல் வந்து ரேடியேற்றர் தண்ணியும் குறைந்தால் ஒயிலை விட்டுப்போட்டு உடனே கராச்சுக்குப் போங்கோ.

2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள், இரணைமடுக் கதவுகள் திறந்த இரவு. வெள்ளம் வடிந்த பிறகு அப்படியே சாவி போட்டு ஸ்ரார்ட் பண்ணின வாகனங்கள் பல அண்ணையிடம் வந்ததாம். ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தால் பால்த் தேத்தண்ணி நிறம். அந்த நிறத்தைக் கண்டால் எஞ்சினைச் சுற்றக் கூடாது. தள்ளிக்கொண்டு போய் ஒயிலையும் வடியையும் மாற்றினால் தப்பலாம்.

சின்தெற்றிக் பற்றிக் கேட்கிறார்கள். கெட்ட சாமான் இல்லை, கனகாலம் தாங்கும், குளிர் நாட்டில் தங்கம். ஆனால் எங்கட டீசல், எங்கட தூசி, எங்கட பழைய எஞ்சின். எப்படியும் ஆறு மாதத்தில் ஊற்றிவிடப் போகிறோம். மூன்று பங்கு விலை கொடுத்து ஒரு தரம் மாற்றுவதை விட, சாதாரண மினரல் ஒயிலை மூன்று தரம் மாற்றுவது 2சி போன்ற எஞ்சினுக்கு நல்லது என்பது என் கருத்து. பழைய றப்பர் சீல்கள் மெல்லிய சின்தெற்றிக்குக் கசியத் தொடங்குவதும் உண்டு. 2சி வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கோ: அதின் ரைமிங் ஓடுவது றப்பர் பெல்ட்டில். முன் சீல் கசிந்து பெல்ட்டில் ஒயில் பட்டால் பெல்ட் ஊறிப் போகும். பெல்ட் அறுந்தால் ஒயில் தரம் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது.

எப்போது மாற்றுவது? 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதல் வருகிறதோ அது. இந்த "ஆறு மாதம்" என்பதைத்தான் எங்கட ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீற்றர், பிறகு சந்தை, பிறகு வீடு. எஞ்சின் சூடேற முதலே நிற்பாட்டி விடுகிறோம். முன்னே சொன்ன தண்ணீரும் அமிலமும் ஆவியாகிப் போகச் சூடு காணாது, ஒயிலுக்குள்ளேயே நின்று சேறாகும். கிலோமீற்றர் ஓடாத அந்த வான் இப்படித்தான் போனது. புத்தளம் போய் வருகிற என் காரை விட ஊருக்குள் மட்டும் ஓடுகிற கார் ஒயிலைக் கெதியாகக் கெடுக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சின்ன ஓட்டம் ஓடுகிறவர்கள் வாரத்தில் ஒரு தரமாவது ஏ9 ஏறிப் பரந்தன் தாண்டி ஆனையிறவு வரை ஒரு ஓட்டம் விட்டுவிட்டு வாங்கோ.

பல வருடம் கண்ட ஒயிலும் விட்டு ஓடின எஞ்சினுக்கு முதல் தரம் நல்ல சிஐ-4 விடுகிறீர்கள் என்றால், முதல் 1000 கிலோமீற்றரிலேயே அதை வடியோடு சேர்த்து மாற்றி விடுங்கோ. புது ஒயில் பழைய ஊத்தையைக் கழற்றிக் கொண்டு வந்து வடியை அடைக்கும். வடி மாற்றாமல் ஒயில் மட்டும் மாற்றுவது, குளித்துப்போட்டு ஊத்தைச் சட்டையைப் போடுகிற மாதிரி.

எந்தக் கொம்பனி என்று கேட்காதேங்கோ. கல்டெக்ஸ், சேர்வோ, மொபில், காஸ்ட்ரோல் எல்லாம் இங்கே கிடைக்கிறது, எல்லாரிடமும் சிஐ-4 உண்டு. எனக்கு ஒருத்தரும் கொமிசன் தருவதில்லை. விலையும் எழுதவில்லை, நீங்கள் வாசிக்கிற நாளில் மாறியிருக்கும். கவனிக்க வேண்டியது கள்ள ஒயில்தான். வெறும் கானை நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வந்தால், அது எதற்கு என்று யோசியுங்கோ. நான் ஒயில் விட்டு முடிந்த கையோடு கானின் அடியில் ஸ்குரூட்ரைவரால் இரண்டு ஓட்டை போட்டு விடுவேன். மூடியின் சீல் உடைந்திருந்தாலோ, லேபிள் கோணலாக ஒட்டியிருந்தாலோ வாங்காதேங்கோ. ஒயிலை உங்கட கண்ணுக்கு முன்னாலேயே கானை உடைத்து விடச் சொல்லுங்கோ. நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார்.

கடைசியாகக் கழற்றின ஒயில். வேலித் தூணுக்குக் கறையான் வராமல் பூசுகிறோம் என்பார்கள். கொஞ்சம் பூசலாம், ஆனால் நாலு லீற்றரையும் தூணா குடிக்கிறது? மிச்சம் வாய்க்கால் கரையில் ஊற்றுப்படுகிறது. அந்த வாய்க்கால் தண்ணிதான் வயலுக்குப் போகிறது, பக்கத்தில் கிணறும் இருக்கிறது. சுன்னாகத்தில் கிணத்துத் தண்ணியில் எண்ணெய் என்று 2014, 2015இல் சனம் பட்ட பாட்டைப் பார்த்தோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் இரண்டு கோடி ரூபா நட்டஈட்டோடு தீர்ப்பு வந்தது. காசு வந்தாலும் கிணறு ஒரு நாளில் தெளியாது.

மெக்கானிக் அண்ணையிடம் இரண்டு பரல் இருக்கிறது, நிரம்பினால் வந்து எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஒயில் மாற்றுகிறவர்கள் பழைய ஒயிலைத் தண்ணி கலக்காமல் ஒரு கானில் விட்டு மூடி, என்னிடம் தந்தாலும் சரி. சனிக்கிழமை காலையில் எப்படியும் அந்தப் பக்கம் போவேன், இன்ஷா அல்லாஹ். ஆறு கான் வரைக்கும் டிக்கியில் கொள்ளும். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.